ஒற்றைச் சக்கரம்தான் சுற்றியது!

நாற்பத்திரண்டு வயதில் ஜீப் ஓட்டக் கற்றுக்கொண்டவள் நான். ஏற்காட்டில் எங்களுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம் இருக்கிறது. மாமனாருக்குச் சிறுநீரகக் கோளாறு. வாரம் இரண்டு தடவை டயாலிசிஸுக்குச் சேலம் போகவேண்டும். ஒவ்வொரு தடவையும் என் கணவர் வேலையைப் போட்டுவிட்டு வரமுடியுமா? துணிந்து கற்றுக்கொண்டேன். மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இப்போது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு!

போன ஐப்பசியில் ஒரு விடிகாலை. இரவெல்லாம் நல்ல மழை. எங்கள் மண் பாதையில் இடது பக்கம் சேறு, வலது பக்கம் பாறை. வண்டி நின்றுவிட்டது. ஆக்சிலேட்டரை மிதித்தால் உறுமுகிறதே தவிர நகரவில்லை. பின்சீட்டில் மாமனார் கால் வீங்கி, மூச்சு வாங்க உட்கார்ந்திருக்கிறார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. தோட்டத்து ஆட்கள் வந்து சாக்குப் போட்டுத் தள்ளி எடுப்பதற்குள் இரண்டு மணி நேரம் ஓடிவிட்டது.

"மிதிச்சா மட்டும் வண்டி ஓட்டறதா ஆயிடுமா? மழைக்காலத்துல இனிமே நீ எடுக்காதே" என்றார் என் கணவர். அன்றிலிருந்து நான் சாவியைத் தொடவில்லை. வாடகைக் கார்தான். ஒவ்வொரு தடவையும் மாமனார், "என்னால உங்களுக்கு எவ்வளவு செலவு!" என்று சொல்லும்போது மனசு என்னவோ செய்யும்.

ஆனால் அன்றைக்குத் தள்ள வந்த ஒரு பெண் சொன்னது மனசில் நின்றுவிட்டது. "அக்கா, இந்தப் பக்கம் பம்பரமாச் சுத்துது. அந்தப் பக்கச் சக்கரம் அசையவே இல்லையே!"

எங்கள் வண்டியின் பின் ஆக்ஸிலில் இருப்பது 'லிமிடெட் ஸ்லிப்' டிஃபரென்ஷியல். சாதாரண டிஃபரென்ஷியலில் சேற்றிலிருக்கும் சக்கரம் வெறுமனே சுற்றும், மற்றது சும்மா நிற்கும். இதில் அப்படி ஆகக்கூடாது. உள்ளே அப்பளக் கட்டு மாதிரி உராய்வுத் தகடுகளை அடுக்கி, ஸ்பிரிங் வைத்து அழுத்தியிருக்கும். ஒரு சக்கரம் மட்டும் தனியே ஓடிவிடாமல் அவை பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடி எங்கே போயிற்று? இன்னொன்றும் ஞாபகம் வந்தது. கோடையில் கீழே ஒரு ஒர்க்ஷாப்பில் ஆயில் மாற்றியதிலிருந்தே, வளைவுகளில் திரும்பும்போது பின்னால் கரகரவென்று ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது.

எங்களூர் வயதான மெக்கானிக்கிடம் சொன்னேன். சத்தத்தைப் பற்றிக் கேட்டதுமே அவர் முகம் மாறிவிட்டது. முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கினார். "இதைச் சுத்துங்கம்மா" என்றார். ஒரு கையால் தள்ளினேன், ராட்டினம் மாதிரி சுற்றியது! "நல்ல வண்டின்னா இப்படி லேசா சுத்தக் கூடாதும்மா. தகடு தேஞ்சுபோச்சு."

(இந்தச் சோதனையில் இஞ்சினை ஓடவிட்டுக் கியர் போடவே கூடாது. தரையிலிருக்கும் சக்கரம் இழுத்து, வண்டி ஜாக்கியிலிருந்து பாய்ந்துவிடும்.)

ஆக்ஸிலில் அப்பியிருந்த சேற்றைத் துடைத்தார். லிமிடெட் ஸ்லிப்புக்கான ஆயில்தான் ஊற்றவேண்டும் என்று எழுதிய சின்னத் தகடு ஒன்று தெரிந்தது. அந்த ஒர்க்ஷாப்பில் யாரும் அதைப் பார்க்கவில்லை. சாதாரண கியர் ஆயிலை ஊற்றிவிட்டார்கள். தகடுகள் வழுக்கிக்கொண்டு ஓடாமல் ஒட்டி ஒட்டி விட்டதில்தான் அந்தச் சத்தம். போகப் போகத் தேய்ந்தும் போயின.

இரண்டு நாள் வேலை. ஆக்ஸில் ஷாஃப்டுகளை உருவி, உள்ளேயிருப்பதை வெளியே எடுத்தார். பழைய தகடுகள் கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தன. புதுத் தகடுகளை முதலில் சரியான ஆயிலில் ஊறப்போட்டார். வடைக்குப் பருப்பு ஊறப்போடுவது போலத்தான், அவசரப்பட்டால் கெட்டுவிடும். திரும்பப் பூட்டும்போது கிரௌன் வீலுக்கும் பினியனுக்கும் உள்ள இடைவெளியை அளந்து சரிபார்த்தார். எல்லாம் சேர்த்து 17,000 ரூபாய்! தைத்தது, ஆனாலும் வாடகைக் காருக்கு அழுததை நினைத்துக்கொண்டேன்.

புது ஆயில் தகடுகளுக்குள் இறங்க, வண்டியை மெதுவாக எட்டுப் போட்டு ஓட்டவேண்டுமாம். "நீங்களே ஓட்டுங்கம்மா" என்று சாவியை என்னிடம் நீட்டினார். என் கணவர் பக்கத்தில்தான் நின்றார், ஒன்றும் சொல்லவில்லை. பள்ளிக்கூட மைதானத்தில் எட்டெட்டாகச் சுற்றினேன். சத்தமே இல்லை! மாமனார் நாற்காலியில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமையும் மழைதான். அதே சேறு. வண்டி ஒரு தடவை குலுங்கி, ஏறிவிட்டது. பின்னாலிருந்து மாமனார், "உன் புருஷனுக்கு போன் போட்டுச் சொல்லும்மா" என்றார். சேலம் போய்ச் சேர்ந்ததும் சொன்னேன்.