மூணு நாள் லீவு, முட்டை மாஸ், ஒரு குகை

மூணு நாள் லீவு சேர்ந்து வந்தாலே நம்ம ஹாஸ்டலில் ரெண்டு பிளான்தான் ஓடும். ஒன்று ஊட்டி, இன்னொன்று கொடைக்கானல். ரெண்டுமே வாட்ஸ்அப் குரூப்பிலேயே முடிந்துவிடும். இந்த ஜனவரி 26 திங்கட்கிழமை வந்ததால் நான் வெள்ளி ராத்திரியே புதுக்கோட்டைக்கு பஸ் ஏறிவிட்டேன். ஜூலையில் புனேயில் வேலைக்குச் சேரணும். அதுக்கப்புறம் லீவு என்பது அப்ளை பண்ணி வாங்க வேண்டிய விஷயம்.

சனிக்கிழமை முழுக்கத் தூக்கம். சாயங்காலம் அப்பா பரோட்டா கடைக்குக் கூட்டிப் போனார். எங்க ஊர் முட்டை மாஸ் தெரியாதவர்களுக்கு: அவித்த முட்டையை வெட்டி, வெங்காயம், தக்காளி, மசாலாவோடு கல்லில் போட்டுக் கிளறித் தருவார்கள். செம!

ஞாயிறு சித்தன்னவாசல். ஊரிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர்தான். எழுபது வருஷமா இங்கேயே இருக்கிற அப்பத்தா அதைப் பார்த்ததே இல்லை.

"அங்க சாமி இருக்கா?"

"சமணக் கோயில் அப்பத்தா."

"கோயில்னா சரி" என்று வெத்தலைப் பையை எடுத்துக்கிச்சு.

முதலில் ஏழடிப்பட்டம். மலை ஏறி மறுபக்கம் இறங்கணும் என்பதால் அம்மாவும் அப்பத்தாவும் கீழேயே உட்கார்ந்துவிட்டார்கள். மேலே பாறையில் வழவழவென்று 17 கல் படுக்கைகள். சமணத் துறவிகள் இருந்த இடம். ஒரு படுக்கையில் தமிழ் பிராமி எழுத்து, சுமார் 2000 வருஷப் பழசு. நான் இங்கிலீஷ் மீடியம், பஸ் போர்டையே எழுத்துக்கூட்டிப் படிக்கிறவன் என்று வீட்டில் கிண்டல் உண்டு. தினமும் பேப்பர் படிக்கிற அப்பாவும் அந்தக் கல் முன்னால் என்னை மாதிரியே முழித்தார். "இப்ப ரெண்டு பேரும் ஒரே கிளாஸ்டா" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து, "புனேலேர்ந்து ட்ரெயின்ல எவ்வளவு நேரம்?" என்று கேட்டார்.

"ஒரு நாளைக்கு மேல ஆகும்ப்பா."

"அப்பத்தாகிட்ட நான் இன்னும் சொல்லல. நீயே சொல்லிடு."

அடுத்து அறிவர் கோயில். விதானத்தில் தாமரைக் குளம் ஓவியம்: மீன், வாத்து, யானை, பூப்பறிக்கிற ஆட்கள். 9-ஆம் நூற்றாண்டு. நிறைய அழிந்துவிட்டது. "பூப்பறிக்கிறவன் ஒல்லியா இருக்கான், சாப்பிட மாட்டான் போல" என்றது அப்பத்தா, என்னைப் பார்த்துக்கொண்டே.

உள் அறையில் நின்று மெதுவாக 'ம்ம்ம்' என்று இழுத்துப் பார்க்கச் சொன்னார் அங்கிருந்த ஒருவர். சரியான சுருதி கிடைத்ததும் அறையே திருப்பி முனகுகிறது. ரெசனன்ஸ். நாம் ரெண்டாவது செமஸ்டரில் ஃபார்முலாவாக மனப்பாடம் பண்ணி மறந்த அதே விஷயம். அப்பத்தா தாலாட்டு ராகத்தை வார்த்தை இல்லாமல் முனகிச்சு. நாலு சுவரும் சேர்ந்து பாடின மாதிரி இருந்தது. அம்மா சீக்கிரமே வெளியே போய்விட்டாள்.

படியில் உட்கார்ந்து வெத்தலை மடித்தபோது சொன்னேன். "புனேயில வேலை கிடைச்சிருக்கு அப்பத்தா. ஜூலையில போறேன்."

மடிப்பது நிற்கவில்லை. "அங்க பரோட்டா கிடைக்குமா?"

"கிடைக்கும். முட்டை மாஸ்தான் கிடைக்காது."

"போயிட்டு வா சாமி." கொஞ்சம் விட்டு, "பொங்கலுக்கு வந்துருவேல்ல?"

வர்றேன் என்றேன். ரயில் டிக்கெட் புக்கிங் 60 நாளைக்கு முன்னாடி திறக்கும். பொங்கல் என்றால் நவம்பர் நடுவில். திரும்பி வரும் பஸ்ஸிலேயே போனில் ரிமைண்டர் போட்டுவிட்டேன், காலை 7:55-க்கு.