கடைமடையிலிருந்து வைகை அணைக்கு

கீழக்கரையில் பிறந்த எங்களுக்குக் கடல் தெரியும்; ஆறு தெரியாது. வைகை எங்களுக்குச் செய்தியில் வரும் ஓர் அளவு மட்டுமே. அணையின் நீர்மட்டம் 66 அடியைத் தொட்டால் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை என்று மாவட்டங்களின் பெயர்களை வாசித்து, இறுதியில் இராமநாதபுரம் என்பார்கள். ஆற்றின் வரிசையும் அதுவே.

அந்த அணையை ஒருமுறையேனும் பார்த்துவிட வேண்டுமென்று உம்மா நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சென்ற மழைக்காலத்தின் முடிவில் குடும்பமாகப் புறப்பட்டோம்.

1959இல், காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில் திறக்கப்பட்ட அணை அது. வருசநாட்டு மலைகளில் பிறக்கும் வைகையோடு, 1895 முதல் மலையைக் குடைந்து திருப்பப்பட்ட பெரியாற்று நீரும் அங்கே வந்து சேர்கிறது. அணையின் கீழே இரு கரைகளிலும் பூங்கா; இடையில் ஆற்றைக் கடக்க ஒரு தரைப்பாலம். வெள்ளக் காலத்தில் அது மூழ்கிவிடுமாம். அன்று நீர் பாலத்துக்குக் கீழே அடங்கி ஓடிக்கொண்டிருந்தது. நுழைவுச் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனோம். எங்கள் மாவட்டம் வரை வருகிற ஆற்றைச் சீட்டு வாங்கிப் பார்க்கிறோமே என்ற எண்ணம் சற்று உறுத்தியது.

பிள்ளைகள் ஊஞ்சலுக்கு ஓடினர். உம்மா பூச்செடிகளைத் திரும்பியும் பார்க்கவில்லை; பாலத்தின் நடுவே நின்றுவிட்டார்.

"இம்புட்டுத் தண்ணி போவுதே, நம்ம பக்கம் எப்ப வாப்பா வந்து சேரும்?"

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மறுமொழியைத் திரும்பும் வழி சொன்னது. மதுரையைக் கடந்து திருப்புவனம், மானாமதுரை, பரமக்குடி என்று சாலையை ஒட்டியே ஆறு வந்தது. ஊருக்கு ஊர் நீர் குறைந்தது; மணல் விரிந்தது; பிறகு மணலையும் சீமைக்கருவேலம் மூடியது. மிஞ்சுவது இராமநாதபுரம் பெரிய கண்மாயில் போய் அடங்கும். நல்ல வெள்ளம் கண்ட ஆண்டுகளில் மட்டுமே ஆற்றங்கரை என்னும் சிற்றூரருகே கடலைத் தொடும். அந்த ஊர்ப் பெயரில் மட்டும் ஆறு வற்றுவதில்லை.

இருட்டிய பின் வீடு சேர்ந்தோம். உம்மா குடத்திலிருந்து ஒரு செம்பு நீர் மொண்டு குடித்தார். காவிரியிலிருந்து குழாய் வழியே வந்த நீர் அது. செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "அடுத்த வருசம் வெள்ளம் வரட்டும், ஆற்றங்கரைக்குப் போவோம்" என்றார்.