மூஷிகமும் மோட்டாரும்

விக்கிநேசுவரருடைய வாகனத்துக்கும் நமது வாகனத்துக்கும் விரோதம் உண்டாக யாதொரு காரணமும் இருப்பதாக நாம் நினைத்ததில்லை. வண்டி வாங்கிய அன்றே பிள்ளையார் கோயில் வாசலில் நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அப்படியிருந்தும், ஐப்பசி அடைமழையில் நாலு நாள் நின்ற வண்டி ஐந்தாம் நாள் காலை கிளம்ப மறுத்துவிட்டது. அன்றுதான் நம் தாயாரைக் கண் சிகிச்சைக்கு அழைத்துப் போகவேண்டிய நாள். "சகுனம் சரியில்லையடா, கண் இப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்" என்றார் அவர். சமாதானம் சொல்லி ஆட்டோவில் ஏற்றியது ஒரு தனிப் புராணம்.

மாலையில் பானெட்டைத் திறந்தோம். எஞ்சின்மேல் வேப்பஞ்சருகும், நம் வீட்டுத் தரைத்துணியின் கிழிசலும், தேங்காய்ச் சில்லுமாக ஒரு பிரசவ அறையே தயாராயிருந்தது! அருகில் வயர்கள் தோலுரிந்து, செம்பு பளபளக்கக் கிடந்தன. பசிக்காக எலி வயரைக் கடிப்பதில்லையாம். அதன் முன்பற்கள் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பதால், எதையாவது கொறித்துத் தேய்த்தாக வேண்டும். மழைக்கு ஒதுங்க உலர்ந்த இடம், பல்லுக்கு மிருதுவான பிளாஸ்டிக்: இரண்டையும் ஒரே கூரையின் கீழ் நாமே அமைத்துக் கொடுத்திருக்கிறோம்.

வண்டியை விற்ற கம்பெனியின் பட்டறைக்கு இழுத்துச் சென்றோம். குளிர்ந்த அறை, இனாம் காப்பி, அப்புறம் ஒரு காகிதம். ரூபாய் 46,700! கடிபட்டவை நாலே வயர். விலை போட்டிருந்ததோ முழு வயரிங் கட்டுக்கு. "நாலையும் ஒட்டலாகாதா, தம்பி?" என்று கேட்டோம். "ஒட்டினால் வாரண்டி போய்விடும், சார்" என்றான் பிள்ளையாண்டான். அவன் சொன்னதிலும் நியாயம் இல்லாமலில்லை. இக்காலத்து வண்டியில் வயர் என்பது வெறும் கம்பியல்ல, நரம்பு. ஒட்டில் ஈரம் ஏறிப் பச்சை பூத்தால் வண்டியிலிருக்கும் கம்ப்யூட்டர் தப்புக் கணக்குப் போடும்.

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்பீர்கள். ரப்பர், பிளாஸ்டிக் சாமான்களுக்கு, தனிப் பிரீமியம் கட்டியிராவிட்டால், பாதி விலையைத் தேய்மானமாகக் கழித்துவிடுவார்கள். நாம் கட்டியிருக்கவில்லை. பார்வையிட வந்தவர் செம்புக் கம்பியைப் பிளாஸ்டிக் ஜாதியில் சேர்த்தார். கேட்டுப் பணம் வாங்கினால், இரண்டு வருஷம் கேட்காமலிருந்து சம்பாதித்த 25 சதவிகிதச் சலுகையும் பூஜ்யம். எப்படிக் கூட்டினாலும் கையிலிருந்து 24,000 போகும். அது தாயாரின் மற்றொரு கண்ணுக்கென்று எடுத்து வைத்திருந்த தொகை.

இரண்டு இரவு தூங்காமல் யோசித்தோம். மூன்றாம் நாள், வண்டியைத் திரும்ப இழுத்துவந்து, தெருமுனை எலெக்ட்ரீஷியன் மேஸ்திரியிடம் விட்டோம். அவர் ஒரு பகல் முழுவதும் மல்லாந்து படுத்து, நாலு வயரையும் ஈயம் வைத்துப் பற்றவைத்து, உறை மாட்டி, "1,800 கொடுங்கள், ஐயா" என்றார். வாரண்டியில் பாக்கியிருந்த நாலு மாதத்துக்கு அன்றே தலை முழுகினோம். அதில் நமக்குப் பயமில்லை என்று சொன்னால் பொய். இன்றுகூட மழை நாளில் மஞ்சள் விளக்கு ஒன்று காரணமின்றிக் கண் சிமிட்டுகிறது.

ஜப்பானிய மோட்டார் கம்பெனி ஒன்று மிளகாய்க் காரமேற்றிய ஒட்டுநாடாவே செய்து விற்கிறது. மிளகாய்க்குப் பேர்போன நம் நாட்டுக்காரருக்கு இந்த யோசனை முதலில் தோன்றாமல் போனதுதான் வருத்தம்! நாம் புகையிலையை முடிந்து தொங்கவிட்டோம். நம் குழந்தைகள் தும்மினார்கள், எலி தும்மியதாகத் தெரியவில்லை. இப்போது இராத்திரியில் பானெட்டைத் திறந்தே வைத்து, கொட்டகையில் ஒரு விளக்கும் போட்டுவிடுகிறோம்.

தை மாதம் தாயாருக்கு இரண்டாவது கண்ணும் ஆயிற்று. கட்டு அவிழ்த்த நாலாம் நாள் இருட்டில் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர், கொட்டகைப் பக்கம் கையை நீட்டி, "அதோ பாரடா, சக்கரத்தடியில்! வால் தெரிகிறது!" என்று கூவினார். நமக்கு ஒன்றும் தெரியவில்லை.