உறங்காத சக்கரம்

விடியற்காலை மூன்று மணி. நெல்லூரைத் தாண்டி ஓங்கோலை நோக்கி ஓடுகிறது லாரி. அதன் முதுகிலே கும்மிடிப்பூண்டி ஆலையில் உருக்கி நீட்டிய இரும்புக் கம்பிகள். சக்கரம் பிடித்திருப்பவர் ஒருவர். பின்னே குறுகிய பலகையில் முடங்கிக் கிடப்பவர் என் அண்ணன். திடீரென ஓர் உலுக்கல்! கண் விழித்தவர், வண்டி சாலையை விட்டிறங்கி மண்ணில் செல்வதைக் கண்டு கூவினார். கூட்டாளி விழித்தார், வண்டி நின்றது. உயிர் தப்பியது.

ஊர் திரும்பியதும் உற்றார் கேட்டதென்ன? "சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயா?" வைத்திருந்தார் தோழர்களே, வைத்துத்தான் இருந்தார்! பழம் நசுங்கிற்று. பழுதுபட்ட உறக்கத்தைப் பழம் ஈடு செய்யுமா?

இருவர் மாறி மாறி ஓட்டும் முறை, சொல்லக் கேட்டால் இனிக்கும். கும்மிடிப்பூண்டியிலிருந்து கல்கத்தா 1,600 கிலோமீட்டர். ஆறு மணி நேரம் இவர், ஆறு மணி நேரம் அவர். ஆளுக்கு ஓய்வு உண்டு என்பர். ஓய்வு இல்லாதது எது? வண்டி! அது நின்றால் முதலாளிக்கு நட்டம். அது நில்லாதிருக்க இரு மனிதர் எரிபொருளாகின்றனர். குலுங்கும் பலகையில் கொள்ளும் துயில், வீட்டுப் பாயில் கொள்ளும் துயிலாகுமா?

தேசிய அனுமதி பெற்ற சரக்கு வண்டிக்கு இரு ஓட்டுநர் வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் முன்பு கூறின. 2018-இல் அந்தக் கட்டாயமும் களையப்பட்டது. இருவர் சுமையை ஒருவரே சுமக்கவும் வழி திறந்தது.

இதை எழுதும் எனக்குப் பட்டம் தந்தது கல்லூரி. கட்டணம் தந்தவை அண்ணனின் இரவுகள். பேட்டாவில் மிச்சம் பிடித்து அவர் அனுப்பிய பணத்தில் நான் வரலாறு படித்தேன். இன்று வகுப்பிலே, 1923-இல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே நாள் கொண்டாடியதைச் சொல்கிறேன்; எட்டு மணி நேர வேலை தொழிலாளி கேட்டுப் பெற்ற உரிமை என்கிறேன். எட்டு மணி என்ற எல்லையையே காணாதவர் என் வீட்டில்! வெட்கம் என்னைச் சுட்டது.

"உள்ளூரிலேயே ஓட்டுங்கள், அண்ணா" என்றேன்.

"உள்ளூரில் சக்கரம் உண்டு தம்பி, சம்பளம் எங்கே?" என்றார். எனினும் அண்ணியின் கண்ணீரைக் கண்டு இசைந்தார்.

சிப்காட் வளாகத்தில் வாயில் வாயிலாக நடந்தோம். ஒரு தரகர் முதல் மாதச் சம்பளத்தையே காணிக்கையாகக் கேட்டார். கடைசியில், பொன்னேரியிலிருந்தும் கவரைப்பேட்டையிலிருந்தும் ஆலைக்கு ஆட்களைக் கொண்டு செல்லும் பேருந்து கிடைத்தது. ஊதியம், பழைய வருவாயில் பாதிக்குச் சற்றே மேல்.

வென்றோம் என எண்ணினேன். விடியற்காலை ஐந்துக்கு முதல் ஷிப்டு, பிற்பகல் ஒன்றுக்கு அடுத்தது, இரவு ஒன்பதுக்கு மூன்றாவது. மூன்றுக்கும் ஒரே ஓட்டுநர்! ஓட்டியது ஏழு மணி நேரம் என்பது மேலாளர் கணக்கு. இடையிலே காத்துக் கிடந்த நேரம் எவர் கணக்கு? நள்ளிரவில் வீடு சேர்ந்து, மூன்றரைக்கு எழ வேண்டும்.

"அங்கே வண்டியில் படுத்தேன், இங்கே வீட்டில் விழித்திருக்கிறேன்" என்று சிரித்தார் அண்ணன். அந்தச் சிரிப்பு என்னை அறைந்தது. அருகில் இருப்பதாலேயே வேலை நல்ல வேலை ஆகிவிடுமா? தொலைவல்ல தோழர்களே, நேரம் யாருடையது என்பதே கேள்வி!

சட்டத்தைத் தேடிப் படித்தேன். 1961-ஆம் ஆண்டின் மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என வரையறுத்தது. நெடுந்தொலைவுக்கு அனுமதியுடன் 10 மணியும் 54 மணியும். இடைவேளை உட்பட ஒரு நாள் வேலை 12 மணி நேரத்துக்கு மேல் பரவலாகாது என்றது. ஐந்து பேருக்குக் குறைவாய் வேலை செய்யும் இடத்தை அது எட்டவில்லை. ஒற்றை லாரி முதலாளியிடம் உழைப்பவருக்கு அது ஏட்டுச் சுரைக்காய். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் தொகுப்புச் சட்டத்தில் அது கரைந்தது. எட்டு மணி என்ற எண் அங்கும் இருக்கிறது. எண் இருந்தென்ன? எழுதி வைப்பார் இல்லையே!

நான் ஆசிரியன்; எழுத வைப்பது என் தொழில். அண்ணனிடம் நாற்பது பக்க நோட்டு ஒன்று தந்தேன். புறப்பட்ட நேரம், நின்ற நேரம், படுத்த நேரம், எழுந்த நேரம். ஒரு மாதத்தில் பதினொரு ஓட்டுநர்கள் எழுதினர். பதினொரு நோட்டுகளுடன் ஒன்றாகப் போய், பேருந்துக்கு இரு ஓட்டுநர் கேட்டனர்.

"நெடுஞ்சாலைக்குத்தானே இருவர்?" என்றார் மேலாளர்.

"அங்கே இருவர், வண்டி உறங்காதிருக்க. இங்கே இருவர் கேட்கிறோம், மனிதர் உறங்க" என்றார் அண்ணன்.

நான்கு பேருந்துகளுக்கு இசைந்தனர். அண்ணனின் பேருந்து அந்த நான்கில் இல்லை. அவர் சோர்ந்தாரில்லை, நேற்று இரண்டாவது நோட்டு கேட்டார்.

இளைஞனே, உன் தெருவிலும் சக்கரம் பிடிப்பவர் ஒருவர் இருப்பார். அவர் கையில் எலுமிச்சம்பழம் வைக்க ஆயிரம் பேர் உண்டு. ஒரு நோட்டையும் பென்சிலையும் வைக்க நீ போ!