வெங்காயம் காயமான கதை

"ஏம்மா, காய்கறிப் பட்டியல்ல காயம் எங்கேர்ந்து வந்தது?" என்று என் மாமனார் கேட்டபோது முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எட்டிப் பார்த்தேன். தாளில் இருந்தது 'வெங்காயம்'. முதல் இரண்டு எழுத்து அவர் கண்ணில் படவே இல்லை. சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

சென்ற ஐப்பசியில் மாமாவுக்குப் பக்கவாதம் வந்தது. மூளையின் வலது பாகத்தில் அடைப்பு. இடது கை சோர்ந்து போயிற்று. பேச்சுக்குக் குறைவில்லை, வலது கையால் கையெழுத்துக்கூடப் போடுவார். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு சில விசித்திரங்களைக் கண்டோம். சவரம் செய்தால் முகத்தின் வலப் பக்கம் மட்டும் மழமழவென்றிருக்கும். தட்டில் வலது பாதிச் சோறு காலியாகும். இடது ஓரத்துக் கீரை அப்படியே கிடக்கும். "கீரை வைக்கலையா?" என்று கேட்பார். கண்ணில் கோளாறு என்று நினைத்தோம். பயிற்சி கொடுக்க வந்த பெண்தான் விளக்கினாள். கண் நன்றாகத்தான் இருக்கிறதாம். இடது பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை கவனிக்க மறந்துவிடுகிறதாம். வலது மூளை பாதிக்கப்பட்டால் பலருக்கு இப்படி நேர்வது உண்டாம்.

"தட்டைத் திருப்பி வைக்காதீங்க அக்கா. அவர் தலையைத் திருப்பட்டும்" என்றாள். பேப்பரில் இடது ஓரத்தில் சிவப்புக் கோடு போட்டுக் கொடுக்கவும் சொன்னாள். ஒவ்வொரு வரிக்கும் அந்தக் கோட்டைத் தேடிப் பிடித்த பிறகுதான் படிக்க ஆரம்பிக்க வேண்டும். செய்தித்தாளில் ஒரே எழுத்தைத் தேடி அடிக்கச் சொன்னால் மாமாவுக்கு அலுப்பு. "நான் என்ன ஒண்ணாங்கிளாஸா?" என்பார். அப்போதுதான் என் மகள் வார்த்தை தேடும் கட்டங்களை எடுத்துக் கொடுத்தாள். 10 வரிசை, 10 பத்தி, 100 எழுத்து. குறுக்கே, நெடுக்கே, மூலைவாட்டில், தலைகீழாக எல்லாம் வார்த்தை ஒளிந்திருக்கும்.

இந்த விளையாட்டு அப்படியொன்றும் பழசில்லை. 1968-ல் அமெரிக்காவில், ஓக்லஹோமாவில், நார்மன் கிபாட் என்பவர் தம்முடைய சின்ன விளம்பரப் பத்திரிகையில் போட்டாராம். அங்குள்ள பள்ளி ஆசிரியர்கள் வகுப்புக்கு வேண்டுமென்று கேட்டு வாங்கினார்களாம்.

சங்கடம் என்னவென்றால், எனக்கே அது வரவில்லை. மகள் ஐந்து நிமிஷத்தில் முடிப்பதை நான் அரை மணி உட்கார்ந்து, மேல் வரியிலிருந்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக் கொண்டிருப்பேன். நானே திணறினால் மாமாவுக்கு "இன்னும் கொஞ்சம் இடது பக்கம் பாருங்க" என்று எப்படிச் சொல்வது? அதனால் ராத்திரி பாத்திரம் கழுவி வைத்துவிட்டுத் தனியாகப் பழகினேன்.

பழகப் பழகத்தான் ஒன்று தெரிந்தது. நம் தமிழ் எழுத்துக்களே வழி காட்டுகின்றன. பத்தாம் வகுப்பில் மொழி முதல் எழுத்து, மொழி இறுதி எழுத்து என்று திட்டிக்கொண்டே மனப்பாடம் செய்தோமே, அது இங்கேதான் பிரயோஜனப்பட்டது! அ, இ, உ போன்ற உயிரெழுத்து தனியாக ஒரு கட்டத்தில் நின்றால் அது பெரும்பாலும் ஒரு வார்த்தையின் முதலெழுத்து, நடுவில் வராது. (அளபெடையை விட்டுவிடுங்கள், காய்கறிக்கு அது எதற்கு?) புள்ளி வைத்த எழுத்தில் எந்தத் தமிழ் வார்த்தையும் தொடங்காது. ம், ன், ல், ர் என்றால் அதோடு வார்த்தை முடியலாம். க், ட், த், ப், ற் என்றால் முடியாது, இன்னும் போகிறது என்று அர்த்தம்.

எனக்கு மிகவும் பிடித்தது 'ங்'. அது ஒரு கைகாட்டி மரம். அதைச் சுற்றி எட்டுக் கட்டம் இருக்கிறதல்லவா? அதில் க, கா, கை, கு எது ஒட்டி நிற்கிறதோ, வார்த்தை அந்தத் திசையில்தான் ஓடுகிறது. முருங்கை, தேங்காய், வெங்காயம் எல்லாம் இப்படியே அகப்படும். 'ஞ்' வந்தால் பக்கத்தில் ச, சி தேடுங்கள். இஞ்சி, மஞ்சள் கிடைக்கும். 'ந்' என்றால் பெரும்பாலும் த. முழு வார்த்தையைத் தேடுவதை விட்டு இந்த ஜோடிகளைத் தேட ஆரம்பித்த பிறகு நானும் ஏழெட்டு நிமிஷத்துக்கு வந்துவிட்டேன். மகளுக்கு ஆச்சரியம், எனக்கு உள்ளூரக் கர்வம்.

மாமாவுக்கும் இதையே சொல்லிக் கொடுத்தேன். "மாமா, 'ங்' இருக்கா பாருங்க. சிவப்புக் கோடு தெரியுதா? அதிலேர்ந்து வாங்க." முதல் மாதம் வலது பாதியில் இருந்த வார்த்தைகள் மட்டுமே கிடைத்தன. தாளை வீசி எறிந்த நாளும் உண்டு. பிறகு கடையில் கிடைத்த கட்டங்கள் தீர்ந்து போய், நானே பழைய நோட்டில் கோடு போட்டு எழுதினேன். காய்கறி, ஆறு, ஊர்ப்பெயர். கள்ளிக்குப்பம், கொரட்டூர், புதூர், செங்குன்றம் என்று எழுதிய அன்று மாமாவுக்கு ஒரே உற்சாகம். ஆனால் கள்ளிக்குப்பத்தை இடது ஓரப் பத்தியில் மேலிருந்து கீழாக ஒளித்து வைத்திருந்தேன். மூன்று நாள் தேடினார். நாலாம் நாள் கழுத்தை நன்றாகத் திருப்பி, கோட்டில் விரலை வைத்து இறங்கி வந்து, "நம்ம ஊரை ஓரத்துல தள்ளிட்டியேம்மா" என்றார்.

ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். கட்டம் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பி நான் பயிற்சிப் பெண்ணிடம் கேட்டேன். "எதைப் பழகுறாரோ அதிலதான் அக்கா தேர்ச்சி வரும். சாப்பாட்டைச் சாப்பாட்டுத் தட்டிலேயும் பழகணும்" என்றாள் பட்டென்று. ஆகவே தட்டுக்கு இடது பக்கம் ஒரு சிவப்பு டம்ளரில் தண்ணீர் வைத்தேன். "டம்ளர் எங்கே மாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் பரிமாறுவது. களைத்துப் போன சாயங்காலங்களில் இப்போதும் இடது பக்கம் தப்பிவிடுகிறது. சாலையில் தனியாக விடுவதில்லை.

போன வாரம் நான் அடுக்களையில் இருந்தேன். யாரும் டம்ளரைக் கேட்கவில்லை. கூடத்திலிருந்து சத்தம்: "என்னம்மா, கீரையை அலசினியா இல்லையா? ஒரே மண்ணு!"

ஓடி வந்து பார்த்தேன். இடது ஓரத்தில் கீரை பாதி காலியாகியிருந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் சமையலை அவர் குறை சொல்லி நான் சந்தோஷப்பட்டது அன்றுதான். மறுநாள் மூன்று தண்ணீரில் அலசினேன்.