பெரியண்ணனும் சின்னண்ணனும்

நெய்வேலிச் சுரங்கத்தில் எனக்கு பம்ப் செக்‌ஷனில் வேலை. பழுப்பு நிலக்கரிக்குக் கீழே ஊற்று நீர் பெரும் அழுத்தத்தோடு நிற்கும். ராத்திரி பகல் பார்க்காமல் இறைத்தால்தான் மேலே கரி வெட்ட முடியும். ஷிப்ட் முடிந்ததும் அடுத்த ஆள் வருவார். லாக் புத்தகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். முப்பது வருஷம் இப்படித்தான் போனது.

ஆனால், எங்கள் சபையின் கோடை முகாமை மட்டும் யாரிடமும் ஒப்படைக்கவில்லை. மே மாதம் மூன்று நாள் முகாம். இடம் பிடிப்பது முதல் சாம்பாருக்குப் பருப்பு வாங்குவது வரை எல்லாம் நானே. போன வருஷம் பாட்டுக் குழுவில் இருக்கும் ஒரு பையன் தயங்கித் தயங்கி வந்தான். "அங்கிள், இந்தத் தடவை நாங்க நடத்தட்டுமா? நீங்க கூட இருங்க, போதும்" என்றான். "பார்க்கலாம்ப்பா" என்று சொல்லிவிட்டேன். அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை. "கூட இருங்க, போதும்" என்ற வார்த்தைதான் குத்திக்கொண்டே இருந்தது.

அடுத்த வாரம் உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்காகத் திருப்பத்தூர் போனேன். ரொம்ப நாளாகப் பார்க்க நினைத்த கிறிஸ்துகுல ஆசிரமத்துக்கும் ஒரு நடை போய்வந்தேன். 1921-ல் தொடங்கப்பட்டது. புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள் நம் நாட்டில் அமைத்த ஆசிரமங்களில் முன்னோடி என்று இதைச் சொல்வார்கள். ஜெப ஆலயத்தை நம்ம ஊர்க் கோயில் பாணியில் கட்டியிருக்கிறார்கள்.

இதை ஆரம்பித்தவர்கள் இரண்டு டாக்டர்கள். ஒருவர் சவரிராயன் ஏசுதாசன், தமிழர். இன்னொருவர் எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன், ஸ்காட்லாந்தில் வசதியான குடும்பத்துப் பிள்ளை. இருவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கதர் கட்டி, எளிமையாக வாழ்ந்து, சுற்றுவட்டாரத்து ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார்கள். 1932-ல் சென்னையில் அந்நியத் துணி மறியல் நடந்த இடத்தில் கதர் உடையில் நின்ற பேட்டனைப் போலீஸார் அடித்து, வண்ண நீரைப் பீய்ச்சினார்கள். விஷயம் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வரை போனது.

என்னை நிறுத்தியது வேறொன்று. ஆசிரமத்தில் ஏசுதாசனுக்குப் பெயர் பெரியண்ணன். பேட்டனுக்குச் சின்னண்ணன். வயதில் ஏசுதாசன்தான் மூத்தவர். அதனால் அவர் பெரியண்ணன். இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். வெள்ளைக்காரர் ஆண்ட காலம் அது. மிஷன் என்றால் வெள்ளைக்காரர் தலைமை, நம்மவர்கள் உதவிக்கு என்பதுதான் வழக்கம். பணமும் செல்வாக்கும் இருந்த மனிதர், ஒரு தமிழருக்குத் தம்பியாக இருக்கச் சம்மதித்தார். தலைவர், செயலாளர் என்று அங்கே யாரும் கூப்பிடவில்லை. குலம் என்று பெயர் வைத்தார்கள், குடும்பமாகவே இருந்தார்கள்.

மரத்தடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பையன் என்னிடம் பதவி கேட்கவில்லை, கூட இருக்கச் சொன்னான். அதற்கே எனக்கு இவ்வளவு வலித்தது. முகாம் பிள்ளைகளுக்காக நடந்ததா, எனக்காக நடந்ததா? பதில் சொல்ல வெட்கமாக இருந்தது.

ஊருக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "சுரங்கத்துல தினமும் கொடுத்துட்டுத்தானே வந்தீங்க? அங்க தண்ணி நின்னுச்சா என்ன?" என்றாள், முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அந்தப் பையனைக் கூப்பிட்டேன். முகாம் கணக்கு நோட்டைக் கையில் கொடுத்தேன். பால்காரர், பாத்திரக் கடைக்காரர், வேன்காரர் நம்பர் எல்லாம் அதில் இருக்கிறது. "சமையலுக்கு யார் அங்கிள்?" என்றான்.

"நீயே சொல்லுப்பா" என்றேன்.

இந்த மே மாதம் முகாம் நடந்தது. பாட்டு கொஞ்சம் சத்தமாக இருந்தது. இரண்டாம் நாள் ரசத்தில் உப்பு கூடிவிட்டது. வாயைத் திறக்கவில்லை. எனக்குக் கொடுத்த வேலை, வெங்காயம் உரிப்பது. கண்ணில் தண்ணீர் வந்தது. வெங்காயத்தால்தான் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.