திருகைத் தொடாமல் ஐந்து குண்டுகள்

கடந்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகளை ஆய்வேட்டின் நான்காம் இயலுக்கென ஒதுக்கியிருந்தேன். அவற்றை ஓர் ஏர் ரைபிளோடு கழித்தேன். அதை இங்கே எழுதக் காரணம் உண்டு: அந்த நான்காம் இயலைப் பற்றி நண்பர்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

செகந்திராபாதில் நான் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளர் படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்; வயது 71. கண்டோன்மென்ட்டை ஒட்டித் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களுள் ஒன்று அவருடையது. அக்குடும்பங்களின் பேச்சில் உயிரொலிகள் எவ்வாறு அமைகின்றன என்பதே என் ஆய்வுப்பொருள். எனக்குப் பேச்சுப் பதிவு தந்தவர்களுள் அவரும் ஒருவர். மாடியில், மணல் மூட்டைகளை அடுக்கி, பத்து மீட்டர் தொலைவில் அட்டையை ஒட்டிச் சுடுவது அவருடைய நெடுநாள் வழக்கம். குழலை மடித்துச் சுருள்வில்லை இறுக்கும் 0.177 வகைத் துப்பாக்கி அது. பின்குறி, முன்குறி, அட்டை ஆகிய மூன்றையும் ஒருசேரப் பார்க்க முதுமைக் கண் இடம் கொடுக்கவில்லை. ஆகவே ஒரு ஸ்கோப் வாங்கிப் பொருத்தினார். அது ஜீரோ ஆக மறுத்தது.

முதல் ஞாயிறு அவர் செய்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு குண்டு வலப்புறம் மூன்று சென்டிமீட்டர் விலகியது. திருகை இடப்பக்கம் திருப்பினார். அடுத்தது கீழே இடப்புறம் விழுந்தது, மேலே திருப்பினார். ஒரு மணி நேரத்தில் உயரத் திருகு தன் எல்லையில் முட்டி நின்றுவிட்டது. அவர் துப்பாக்கியை மூட்டைமேல் சாய்த்துவிட்டு, "கை போயிடுச்சும்மா. வித்துடலாம்" என்றார். சொன்ன தொனி விற்பனையைப் பற்றியதாக இல்லை.

ஆறுதல் சொல்லத் தெரியாத எவரும் செய்வதைப்போல நானும் ஓர் ஆய்வு முறையைப் பரிந்துரைத்தேன். "அங்கிள், திருகைத் தொடாம அஞ்சு சுடுங்க" என்றேன். ஐந்து துளைகளும் ஓர் உள்ளங்கை அகலத்துக்குச் சிதறின. அப்போதுதான் சிக்கலின் உருவம் தெரிந்தது. திருகு செய்வது ஒன்றே: துளைகளின் நடுப்புள்ளியை அது இடம் மாற்றும். சிதறலை அது ஒருநாளும் சுருக்காது. குண்டுகள் ஒரு கூட்டமாகச் சேர்ந்து விழாதவரை இடம் மாற்றுவதற்கு அங்கே எதுவும் இல்லை. புள்ளியியல் படித்தவர்களுக்கு எட்வர்ட்ஸ் டெமிங் தம் வகுப்புகளில் செய்துகாட்டிய புனல் சோதனை நினைவுக்கு வரலாம். புனல் வழியே விழும் கோலிக்குண்டு விலகிய அளவுக்கு ஒவ்வொரு முறையும் புனலை எதிர்த்திசையில் நகர்த்தினால், சிதறலின் மாறுபாட்டளவு ஏறத்தாழ இருமடங்காகும். திருத்தமே பிழையைப் பெருக்கும்.

சரி, சிதறல் எங்கிருந்து வருகிறது? ஸ்கோப்பைக் கழற்றினோம். வெறும் குறிகளால் அவரால் பார்க்க இயலாது. எனவே வாழ்நாளில் துப்பாக்கியைத் தொட்டறியாத நான் மூட்டைமேல் வைத்து ஐந்து சுட்டேன். துளைகள் அவருடையவற்றைவிட நெருக்கமாக விழுந்தன. "பாத்தியா, கைதான்" என்றார். அவர் முகத்தில் ஒருவகை நிறைவுகூடத் தெரிந்தது, தீர்ப்பு உறுதியாகிவிட்டதல்லவா?

ஆனால் அது தீர்ப்பன்று. கையும் மாறியிருந்தது, ஸ்கோப்பும் மாறியிருந்தது. முதலாண்டு மொழியியல் வகுப்பில் குறையொலி இணையைப் பற்றி என்ன சொல்லிக்கொடுக்கிறோம்? ஓரிடத்தில் மட்டும் வேறுபட வேண்டும். இரண்டிடத்தில் வேறுபட்டால் அந்த இணை எதையும் மெய்ப்பிக்காது. ஸ்கோப்பை மீண்டும் மாட்டி, அதே மூட்டைமேல் நானே மறுபடி சுட்டேன். என் துளைகளும் உள்ளங்கை அகலத்துக்குச் சிதறின. அவர் வெகுநேரம் அந்த அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் ஞாயிறு குற்றவாளி அகப்பட்டது. ஸ்கோப்பைத் தாங்கும் மவுண்ட் அமரும் பள்ளத்தில், முன்புறமாக, பளபளவென்று ஒரு கீறல் இருந்தது. ஒவ்வொரு குண்டுக்கும் மவுண்ட் மயிரிழையளவு பின்னோக்கி நகர்ந்திருக்கிறது. சுருள்வில் துப்பாக்கியின் உதைப்பு இருவழிப்பட்டது: பிஸ்டன் முன்னோக்கிப் பாயும்போது துப்பாக்கி பின்வாங்கும், பிஸ்டன் முட்டி நிற்கையில் முன்னோக்கிக் குலுங்கும். தோட்டாத் துப்பாக்கியின் பின்னுதைப்பை மட்டும் எண்ணிச் செய்த ஸ்கோப்புகளே இதில் உடைந்துபோவதுண்டு. மவுண்ட் நகராமல் தடுக்கும் சிறு முளை தனக்குரிய குழியில் அமரவே இல்லை; பள்ளத்தில் எண்ணெய்ப் பசை வேறு. துடைத்தோம், முளையைக் குழியில் இறக்கினோம், திருகாணிகளை மாற்றி மாற்றிச் சீராக இறுக்கினோம். கட்டையின் திருகாணிகள் இரண்டும் தளர்ந்திருந்தன. பிறகு உயரத் திருகை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கிளிக் எண்ணி, பாதியில் நிறுத்தினோம். எல்லையில் முட்டி நிற்கும் திருகுக்கு உள்ளிருக்கும் வில்லின் அழுத்தம் குறைந்துவிடுவதால் குறிக்கோடுகளே உள்ளே ஆடக்கூடும்.

இப்போது துளைகள் ஒன்றுகூடின, ஆனால் ஆறு சென்டிமீட்டர் கீழே. மடிக்கும் குழல்கள் சற்றே கீழ்நோக்கிச் சாய்ந்திருப்பது பரவலான குறை. அவருடைய பழைய எக்ஸ்ரே படம் ஒன்றை நறுக்கி, மூன்று துண்டுகளைப் பின்வளையத்தின் அடியில் வைத்தோம். (சாய்வை ஈடுசெய்யும் மவுண்ட் தனியே கிடைக்கிறது, இது தற்காலிக வைத்தியம். அளவு மீறினால் ஸ்கோப்பின் குழாய் நெளியும்.) எஞ்சியது ஒரு சென்டிமீட்டர். கால் நிமிடக் கோணத் திருகு பத்து மீட்டரில் ஒரு கிளிக்குக்கு ஏறத்தாழ 0.7 மில்லிமீட்டர் நகர்த்தும். 14 கிளிக் போதும். முந்தைய ஞாயிறு அவர் திருப்பியவை எத்தனை நூறோ, இருவரும் எண்ணவில்லை.

கைக்கும் கொஞ்சம் பங்கு இருந்தது, ஆனால் அவர் நினைத்த வகையில் அன்று. படையில் கற்ற இறுக்கமான பிடி இந்தத் துப்பாக்கிக்கு ஆகாது. உதைப்பு தொடங்கிய பின்னும் குண்டு குழலுக்குள்ளேயே இருப்பதால், ஒவ்வொரு முறையும் அது ஒரேபோல உதைக்க விட்டு, தளர்வாகத் தாங்க வேண்டும். நாற்பதாண்டுப் பழக்கத்தை விட அவருக்கு ஒரு வாரம் பிடித்தது. மூன்றாம் ஞாயிறு அவருடைய பத்துக் குண்டுகளில் எட்டு ஓர் ஐந்து ரூபாய் நாணயத்துக்குள் அடங்கின. மற்ற இரண்டும் நடுக்கம்தான், அவரும் மறுக்கவில்லை.

இனி என் குறை. இரண்டாம் ஞாயிறு இரவே இயலைத் திறந்தேன். ப்ராட் மென்பொருளில் ஃபார்மன்ட் அளக்கும்போது உச்சவரம்பு ஒன்றை நாம் தர வேண்டும். ஆண் குரலுக்கு 5000 ஹெர்ட்ஸ், பெண் குரலுக்கு 5500 என்பது வழக்கமான தொடக்கம். பேசுபவருக்கேற்ப ஒரு வரம்பை வகுத்து அதிலேயே நிற்பது முறை. நான் அவருடைய 'உ', 'ஒ' ஒலிகள் சிதறியபோதெல்லாம், ஒவ்வோர் உச்சரிப்புக்கும் தனித்தனியே அந்த வரம்பைத் திருகி, என் கண்ணுக்குச் சரியென்று பட்ட இடத்தில் நிறுத்தியிருந்தேன். அப்படியும் அடங்காதவற்றுக்கு எதிரே, "முதியவர், உச்சரிப்பு நிலையற்றது" என்று என் குறிப்பேட்டில் என் கையெழுத்திலேயே இருக்கிறது. பதிவை மீண்டும் கேட்டேன். மேசைமேல் வைத்த மைக். அவர் ஆர்வத்தில் முன்னே சாய்வதும் களைத்துப் பின்னே சாய்வதும் தெளிவாகக் கேட்கிறது. மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கிறது. பின்னுயிர்களில் முதல் இரண்டு ஃபார்மன்ட்டுகளும் நெருங்கியே இருக்கும். அவற்றைப் பிரித்தறிய இந்த இரைச்சல் இடம் தராது.

மற்றவர்களின் பதிவுகளும் அதே மேசை, அதே மைக். நெறியாளரிடம் சொல்லிவிட்டேன். மூன்று மாத அளவீடுகள் போகின்றன. ஒருவேளை ஒரு முடிவும் போகலாம். தலையில் மாட்டும் மைக் ஒன்றைத் துறையில் இரவல் கேட்டிருக்கிறேன்.

வீட்டுக்காரரிடமும் சொன்னேன், குறிப்பேட்டில் எழுதியிருந்ததை உட்பட. சற்று நேரம் பேசாமல் எக்ஸ்ரேயின் மிச்சத் துண்டுகளை உறையில் போட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "எப்ப திரும்பப் பேசணும்?" என்றார். அடுத்த ஞாயிறு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, என்றேன். ஏப்ரல் வெயிலை நினைத்து, காலை ஆறு மணிக்கே வரச் சொல்லியிருக்கிறார்.